கனடா இண்டி ராக் குழுக்களின் இசை ஏன் தனியாகத் தெரிகிறது?

பெரிய கம்பெனிகளை நம்பாமல், சின்ன லேபிள் (பாட்டை வெளியிடும் நிறுவனம்) மூலமோ சொந்தமாகவோ பாட்டு வெளியிடும் ராக் குழுக்களைத்தான் இண்டி ராக் என்கிறோம். கனடாவில் இது 2000களின் தொடக்கத்தில் பெரிதாக வெடித்தது, அதற்கு முக்கியக் காரணம் ஆள்பலம் என்பேன்.

டொராண்டோவின் புரோக்கன் சோஷியல் சீன் குழு ஒரு கூட்டுக் குடும்பத்துச் சமையலறை மாதிரி, யார் கை ஓய்வாக இருக்கிறதோ அவர் அடுப்படிக்கு வருவார், ருசியும் அதற்கேற்ப மாறும். பாடகி ஃபைஸ்ட், மெட்ரிக் குழுவின் எமிலி ஹெய்ன்ஸ் எல்லாம் அங்கே பாடியவர்கள்தான். மாண்ட்ரியாலின் ஆர்கேட் ஃபயர் 2004இல் தந்த 'ஃபியூனரல்' ஆல்பத்தில் கிட்டாரோடு வயலின், அக்கார்டியன் எல்லாம் சேர்ந்து வரும். அதில் 'வேக் அப்' பாட்டைக் கேளுங்கள், சொல்லே இல்லாத ஒரு மெட்டை மொத்தக் குழுவும் தொண்டை கிழியப் பாடும், எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

அப்புறம், அன்றைக்கு மாண்ட்ரியாலில் வாடகை மலிவு, இத்தனை பேர் கூடி வாசிக்க இடம் கிடைத்தது. வானொலியில் குறிப்பிட்ட பங்கு கனடியப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்ற சட்டமும் 1971 முதல் இருக்கிறது.

ஆனால் கனடா இண்டி என்றாலே பெரிய கூட்டம் என்று நினைக்க வேண்டாம், வான்கூவரின் ஜப்பாண்ட்ராய்ட்ஸில் இருந்தது இரண்டே பேர், ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ்.