பாறையில் வழிந்த கறுப்பு எரிமலைக் குழம்பா?

கேள்வி: ஆடி மாதம் உகந்தமலைக்குப் போனபோது பாறைகளைப் போனில் நிறையப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறக் கட்டிகளாக இருக்கின்றன. ஒரு பாறையில் மேலிருந்து கீழே கறுப்புத் தடங்கள். எரிமலைக் குழம்பு வழிந்தது என்கிறான் தம்பி. உண்மையா? எப்படி எடுத்தால் விளங்கும்?
– வாசகி, திருக்கோவில்

பதில்: இல்லை. மழைநீர் ஓடும் வழியில் பாசி வளர்ந்து, வெயிலில் காய்ந்து கறுத்திருக்கிறது. தடம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் மேலே தண்ணீர் தேங்கும் ஒரு குழியில். அங்கிருந்து சரிவோடு இறங்கும். பாறை தானாக உடைந்த இடம் பக்கத்தில் இருந்தால் இன்னும் தெளிவு: கறுப்பு தோலோடு நின்றுவிடும்.

உள்ளே போகும் கறுப்பு வேறு. அது சரிவைப் பற்றிக் கவலைப்படாது. வெள்ளை, இளஞ்சிவப்புப் பட்டைகளோடு மாறி மாறி வளைந்து நெளிந்து போகும். வெளிர் பட்டை குவார்ட்ஸ், பெல்ஸ்பார் என்ற கனிமங்கள். கறுப்பில் மினுங்குவது காக்கைப்பொன். இந்தப் பாறைக்கு நைஸ் என்று பெயர். மட்டக்களப்பு, அம்பாறை மலைகளின் அடித்தளம் பெரும்பாலும் இதுதான். புவியியலாளர்கள் இந்தப் பாறைக் கூட்டத்தை விஜயன் தொகுதி என்பார்கள், வயது ஏறத்தாழ 100 கோடி ஆண்டு. நிலத்துக்குள் வெகு ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து உருமாற்றிய பாறை.

தம்பிக்கும் பாதி மார்க் கொடுக்க ஒரு வழி உண்டு. பட்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, ஓரம் கூராக, ஒரு கறுப்புச் சுவர் போனால் அது டொலரைட்டாக இருக்கலாம். வெடிப்புக்குள் புகுந்து உறைந்த பாறைக்குழம்பு அது. ஆனால் அதுவும் நிலத்துக்கு அடியில் நடந்ததுதான்.

சரி, படம். உங்கள் படங்களைக் கெடுத்தது அநேகமாக உச்சி வெயில். காலை வெயில் நல்லது, ஆனால் நம் கரையில் அது கடலிலிருந்து வந்து கிழக்கு முகத்தில் நேராக அடிக்கும். நேர் வெளிச்சத்தில் மேடு பள்ளம் தெரியாது. பாறையின் வடக்கு அல்லது தெற்குப் பக்கமாகச் சுற்றிப் போங்கள். வெளிச்சம் சாய்வாக உரசும் முகத்தில்தான் வெடிப்பும் உரிந்த ஓடுகளும் எழுந்து நிற்கும். போனில் வானத்தைத் தொடாமல் பாறையைத் தொட்டு வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். அழகாக்கும் பில்டர் எதுவும் வேண்டாம், நிறம் பொய்யாகிவிடும்.

ஒரே பாறையை மூன்று தூரத்தில் எடுங்கள்: முழு மலை, ஒரு முகம், அப்புறம் கையளவு துண்டு. கடைசிப் படத்தில் பேனாவோ நாணயமோ பக்கத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பட்டை ஒரு விரல் தடிப்பா ஒரு ஆள் தடிப்பா என்று யாருக்கும் தெரியாது. போத்தல் தண்ணீரைக் கொஞ்சம் தெளித்தால் மங்கிய பட்டைகள் பளிச்சென்று வரும். சுத்தியல் மட்டும் கொண்டு போகாதீர்கள். அது கோயில் இடம்.

உகந்தமலைக்குப் போகும் வழியில் உள்ள பழைய பௌத்தக் குகை மடமான குடும்பிகலைப் பக்கம் போனால் ஒரு சின்ன எச்சரிக்கை. அங்கே குகைகளின் நெற்றியில் ஒரு நீளப் பள்ளம் தெரியும். அதை இயற்கை வெடிப்பு என்று எழுதிவிடாதீர்கள். மழைநீர் உள்ளே வழியாமல் சொட்டிவிழ, பழைய காலத்தில் உளியால் வெட்டியது.

பாறை உச்சியில் சுனை கண்டால், வற்றிய நாளில் ஒரு படம் எடுங்கள். அடியில் களிமண்ணும் குவார்ட்ஸ் மணலும் கிடக்கும். தேங்கிய நீர் பெல்ஸ்பாரைக் களியாக்கி, குழியை வருடா வருடம் கொஞ்சம் பெரிதாக்குகிறது.