சாயத் தண்ணீரும் களிமண்ணும்: கேள்வி பதில்

எம்.எஸ்சி. மாணவி: பென்டோனைட் களிமண்ணில், ஒளி பட்டால் சாயத்தைச் சிதைக்கும் வினையூக்கியான டைட்டானியம் டை ஆக்சைடை ஏற்றி, மெத்திலின் புளூ என்ற நீலச் சாயக் கரைசலில் போட்டேன். வெயிலில் வைத்த அரை மணியில் நீலம் போய்விட்டது. வெற்றிதானே சார்?

அவசரப்படாதீர்கள் அம்மா. பென்டோனைட்டின் பரப்பில் எதிர் மின்னூட்டம், மெத்திலின் புளூவுக்கு நேர் மின்னூட்டம். இரண்டும் இருட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். அடியில் படிந்த மண்ணை வடிகட்டி, கொஞ்சம் மெத்தனால் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள். நீலம் இறங்கினால், சாயம் சிதையவில்லை, மண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால் முதலில் இருட்டில் வைத்து, நிறம் மேலும் குறையாத நிலை வந்த பிறகே வெயிலுக்குக் கொண்டு போங்கள். இன்னொன்று, மெத்திலின் புளூ தானே ஒளியை உறிஞ்சிச் சிதையக்கூடியது. வினையூக்கி இல்லாத ஒரு குடுவையையும் பக்கத்தில் வையுங்கள். சிஓடியையும் (தண்ணீரில் மிஞ்சிய கரிமப் பொருளைக் காட்டும் அளவு) அளந்துவிடுங்கள். நிறத்தை மட்டும் வைத்துக் கட்டுரை எழுதுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

அப்படியானால் களிமண் எதற்கு?

டைட்டானியம் டை ஆக்சைடு நுண்துகளைத் தனியாகப் போட்டால் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடும், லேசில் படியாது. மண்மேல் ஏற்றினால் படியும். சாயத்தையும் துகளுக்குப் பக்கத்தில் இழுத்து வைக்கும்.

திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்: இந்தக் களிமண் பவுடர் போட்டால் ஆர்ஓ (சவ்வு வழியாக உப்பை நீக்கும் முறை) வேண்டாம் என்று ஒருவர் விற்க வந்தார். நம்பலாமா?

வேண்டாம் அண்ணா. பருத்திக்கு நீங்கள் போடுவது ரியாக்டிவ் சாயம் (நூலோடு வினைபுரிந்து ஒட்டும் வகை), களிமண்ணைப் போலவே அதற்கும் எதிர் மின்னூட்டம். சாதாரணக் களிமண் அதைத் தள்ளிவிடும். அமிலத்தன்மை கூட்டினால் ஓரளவு ஒட்டும். அப்புறம் உப்பு. சாயக்குளியலில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் போவது சகஜம். ஒளி பட்ட வினையூக்கியிலிருந்து சாயத்தை உடைக்க வரும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற வீரியமான துகளை, உப்பிலுள்ள குளோரைடு பாதி வழியிலேயே பிடித்துத் தின்றுவிடும். வினையூக்கி உப்பைத் தொடாது, டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) அப்படியே நிற்கும். நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டதும் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் உங்களுக்குத் தெரியாததா? ஆர்ஓவுக்கு முன்னால் நிறம் குறைக்க ஒரு படியாக வேண்டுமானால் பார்க்கலாம்.

வெயில் மட்டும் போதுமா?

டைட்டானியம் டை ஆக்சைடு வேலை செய்ய, அலைநீளம் சுமார் 387 நானோமீட்டருக்குக் குறைவான புற ஊதா ஒளி வேண்டும். வெயிலில் புற ஊதா 5 சதவீதம் அளவுதான். கலங்கிய கருஞ்சாயத்தில் அதுவும் மேல்பரப்பைத் தாண்டாது. ஆழமான தொட்டி வீண், விரல் உயரத் தட்டுதான் சரி.

பயன்படுத்திய மண்ணை என்ன செய்வது?

ஈரத்தோடு வெயிலில் பரப்பி, மறுபடி மெத்தனால் சோதனை. நிறம் விடவில்லையென்றால் இன்னொரு முறை பயன்படுத்துங்கள். விட்டால், சாக்கடையில் கொட்டாதீர்கள், அது சாயக்கழிவுச் சேறு கணக்கில்தான் வரும்.