துருத்தி இல்லாத ஆர்மோனியம்

ஐயா, வணக்கம். எங்கள் செம்பனைத் தோட்டத்துக் கோயிலில் ஆர்மோனியம் பழுதாகிவிட்டது. மடிக்கணினியில் மிடி கீபோர்டைச் (விசைகள் மட்டும் உள்ளது; ஒலி கணினியிலிருந்து வரும்) செருகி, புளூடூத் ஸ்பீக்கரில் விட்டு பஜனை நடத்துகிறோம். வாசிப்பு தாளத்துக்குப் பிந்துகிறது. ஒலியும் சப்பென்று இருக்கிறது. தபேலாக்காரர், "இதெல்லாம் ஒரு வாத்தியமா?" என்கிறார். கணினி வாத்தியம் ஆகுமா?
ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

தபேலாக்காரர் கோபத்தில் பாதி புளூடூத்துக்குச் சேரவேண்டியது. ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிப்பதற்குள் 100 மில்லிசெகண்டாவது போய்விடும். ஆர்மோனியத்தை 34 மீட்டர் தள்ளிவைத்து வாசிப்பதும் இதுவும் ஒன்றுதான். கம்பிக்கு மாறுங்கள். விண்டோஸ் என்றால் ஓர் ஆடியோ இண்டர்ஃபேஸும் (கணினியின் ஒலியை வெளியே தரும் தனிப் பெட்டி) அதற்குரிய ஏஎஸ்ஐஓ டிரைவரும் (தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) வேண்டும். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவெடுப்பு) வேகத்தில், பஃபரை (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் இடம்) 128 சாம்பிளில் வைத்தால் அந்த இடத்துத் தாமதம் 2.7 மில்லிசெகண்ட்தான். ஒலி படபடவென்று வெடித்தால் 256-க்கு ஏற்றுங்கள். அப்போதும் வெடித்தால் வைஃபையை அணைத்து, சார்ஜரைச் செருகி, மின்சிக்கன அமைப்பை எடுத்துவிடுங்கள்.

சப்பென்று இருப்பதற்குக் காரணம் வேறு. ஆர்மோனியத்தில் சுரம் ஒலிக்கும்வரை இடதுகை துருத்தியை விடுவதில்லை. கீபோர்டிலோ, விசையை அழுத்திய வேகம் 1 முதல் 127-க்குள் ஓர் எண்ணாகக் கணினிக்குப் போகும். அதோடு கைக்கு வேலை முடிந்தது. காலால் ஒலியை ஏற்றி இறக்கும் எக்ஸ்பிரஷன் பெடல் ஒன்று வாங்கி, மிடியில் அதற்கென்றே உள்ள கண்ட்ரோல் எண் 11-க்குக் கொடுங்கள். துருத்தி காலுக்கு வந்துவிடும். (நாடகமேடையில் காலால் மிதித்து வாசித்த ஆர்மோனியத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை.) பெடலின் கீழளவை 0-வில் விடாமல் 30-ல் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கால் தளர்ந்ததும் பாட்டு அறுந்துபோகும்.

ஆர்மோனியத்தில் வராத கமகம் இதில் ஓரளவு வரும். கீபோர்டில் சுரத்தை வழுக்கவைக்கும் பிட்ச் சக்கரம் வழக்கமாக மேலும் கீழும் 2 அரைச்சுரம் நகர்த்தும். விடாமல் ஒலிக்கும் சுருதியை வேறு சேனலில் (மிடியின் தனித் தடம்) வையுங்கள். ஒரே சேனல் என்றால் ஸட்ஜமும் கூடவே வழுக்கும். இன்னொன்று: விசையை விட்டதும் சக்கரத்தையும் விட்டால், அடங்கிக்கொண்டிருக்கும் ஒலியின் வால் அசிங்கமாக இழுபடும். ஒலி அடங்கட்டும், பிறகு விடுங்கள்.

உருமியை மட்டும் இதில் தட்டப் பார்க்காதீர்கள். வளைந்த குச்சி தோலில் தேயும்போது எழும் முனகலை, குச்சியின் அழுத்தம் கணத்துக்குக் கணம் மாற்றுகிறது. பதிவை ஓடவிட்டால், அது எங்கே ஏறி எங்கே அடங்கவேண்டும் என்பதைப் பதிவுதான் முடிவுசெய்யும். உங்கள் பக்கம் உருமிக்காரர்களுக்கா பஞ்சம்? ஆளைக் கூப்பிடுங்கள்.