மூன்று பொற்காசுகள்

அன்புள்ள அம்மா,

போன மாதம் மூன்று வாரம் மொராக்கோவில் சுற்றினேன். டாஞ்சியரில் பழைய நகருக்குள் ஒரு விடுதி, ஒரே அறையில் எட்டுக் கட்டில். பொது மேசையில் யாரோ விட்டுப்போன ‘ரசவாதி’ நாவலின் ஆங்கிலப் பிரதி கிடந்தது. அதை வைத்துத் தொடங்கிய பேச்சு சண்டையில் போய் முடிந்தது. இந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் வேலையை விட்டுக் கிளம்பினேன் என்றாள் ஒரு பிரேசில் பெண். இது நாவலே இல்லை, சுயமுன்னேற்றப் புத்தகத்துக்குக் கதைச் சட்டை மாட்டியிருக்கிறார்கள் என்றார் ஒரு டச்சுக்காரர். கதையே ஆயிரத்தொரு இரவுகளிலிருந்து எடுத்தது என்றார் இன்னொருவர். விடுதியில் வேலை பார்த்த மொராக்கோ இளைஞர், “இந்தக் கதையில் எங்கள் ஊரில் இறங்கினால் திருடன், பாலைவனத்துக்குப் போனால் ஞானி. நடுவில் சாதாரண மனிதனே கிடையாதா?” என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் அதைப் படித்து அழுதவன் நான். அங்கே அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ராத்திரி அக்காவுக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். “உனக்கென்னடா, நீ கிளம்பிட்டே” என்று மட்டும் சொன்னாள். அம்மா, பாவ்லோ கொயலோவின் அந்த நாவல் இலக்கியமா, இல்லையா? ஊர் சுற்றுகிறவர்கள் அதை வைத்து ஏன் இப்படி இரண்டாகப் பிரிகிறார்கள்?

கா., பெங்களூரு

*

அன்புள்ள கா.,

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. முதலில் படித்தபோது பதில் எழுதும் எண்ணமே இல்லை. இலக்கியமா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனால் உங்கள் கடிதத்தின் ஒரு வரி முள் மாதிரி தைத்துக்கொண்டு கிடக்கிறது. அதற்கு வருகிறேன்.

அதற்குமுன் சின்ன விஷயங்களை முடித்துவிடலாம். கனவில் கண்ட புதையலைத் தேடி ஸ்பெயின் ஆட்டிடையப் பையன் ஒருவன் டாஞ்சியர் வழியாக எகிப்தின் பிரமிடுகளுக்குப் போவதுதான் நாவல். அந்தக் கதையை எடுத்தார் என்பதெல்லாம் ஒரு குற்றமா? கனவில் வந்த புதையலைத் தேடி பாக்தாத்திலிருந்து கெய்ரோ போய், அங்கே அடிவாங்கி, அடித்தவன் வாயாலேயே புதையல் தன் வீட்டில் இருப்பதைத் தெரிந்துகொள்ளும் மனிதன் ஆயிரத்தொரு இரவுகளில் இருக்கிறான். பாரசீகக் கவிஞர் ரூமியின் மஸ்னவியிலும் இருக்கிறான். அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் அவனைத் தன் பங்குக்கு எடுத்துச் சொன்னார். க்ராகூவ் நகரத்து யூதர்கள் அவனுக்கு ஐசிக் என்று பெயரிட்டு ப்ராக் பாலத்துக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தில் அவன் ஸ்வாஃபம் ஊர்க்காரன், போன இடம் லண்டன் பாலம். ஊர் ஊராக நடந்த கதை அது, எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்காரும்.

நாவலாக அது நடுத்தரமானது. அதில் வருகிறவர்கள் பேசுவதில் பாதி, சட்டம் போட்டு மாட்டுவதற்கென்றே எழுதிய வாசகம். நீ மனதார ஆசைப்பட்டால் உலகமே உனக்குக் கைகொடுக்கும் என்பதைப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியிடம் சொல்லிப் பாருங்கள். அதற்காக இருபத்திரண்டு வயதில் நீங்கள் அழுத அழுகை பொய்யாகிவிடாது. அந்த அழுகையை எட்டுப் பேருக்கு முன்னால் மறைத்தீர்களே, அதற்கு வேண்டுமானால் வெட்கப்படுங்கள். டச்சுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்றால் அது அவர் பாடு. நீங்கள் ஏன் உங்கள் பழைய மனசைக் காட்டிக்கொடுக்க வேண்டும்?

அந்த மொராக்கோ இளைஞருக்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும். பாதி அவர் பக்கம் நியாயம். மீதிக்குப் பதில் அவர் ஊரிலேயே இருக்கிறது, நாவலில் பையனுக்கு வேலை கொடுக்கும் அந்தப் பளிங்குப் பாத்திரக் கடைக்காரர். மேட்டுத் தெருவில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவர். மெக்கா போக வேண்டும் என்பது அவர் ஆசை. கையில் காசு சேர்ந்த பிறகும் போகமாட்டார். போய்விட்டு வந்தால் அப்புறம் எதற்காக உயிரோடு இருப்பது என்று பயப்படுகிறார். அந்த நாவலில் எனக்கு ரத்தமும் சதையுமாகத் தெரிந்த ஆள் அவர்தான். ஆனால் கொயலோ அவரை எதற்குக் கொண்டுவருகிறார்? இப்படி ஆகிவிடாதே என்று பையனுக்குக் காட்டத்தான். ஸ்பெயினில் தரிஃபா ஊரின் சதுக்கத்தில் ஒரு ரொட்டிக்கடைக்காரன் வருவான். அவனுக்கும் ஊர்சுற்ற ஆசை, ஆனால் ஆடு மேய்ப்பவனைவிட ரொட்டிக்கடைக்காரனுக்கு ஊரில் மதிப்பு அதிகம் என்று தங்கிவிட்டான். ஊரிலேயே தங்குகிறவர்களுக்கு அந்தப் புத்தகம் பெரிதாகச் சொல்லும் காரணங்கள் இவைதான்: பயம், இல்லாவிட்டால் கௌரவம்.

இதைத்தான் நான் பல வருஷமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். தொடங்கியது ஸ்பெயினில்.

2016 மே மாதம் லியோன் நகரிலிருந்து சந்தியாகோ வரை நடந்தேன், ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். கமினோ என்கிற அந்தப் பழைய யாத்திரைப் பாதையில் கொயலோ 1986இல் நடந்தார், அடுத்த வருஷம் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார், 1988இல் ‘ரசவாதி’ வந்தது. பிரேசிலில் முதலில் போட்ட பதிப்பாளர், விற்கவில்லை என்று கைவிட்டுவிட்டார். 1993இல் ஆங்கிலத்தில் வந்த பிறகு அது உலகம் முழுக்க முதுகுப்பைகளில் ஏறிக்கொண்டது. அவர் நடந்த காலத்தில் வருஷத்துக்குச் சில ஆயிரம் பேர்கூட அந்தப் பாதையை முடிப்பதில்லை. பாதை மறந்துபோகாமலிருக்க ஓ ஸெப்ரெய்ரோ ஊர்ப் பாதிரியார் எலியாஸ் வலின்யா 1984இல் மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு கிளம்பி வழிநெடுக அம்புக்குறி வரைந்தார். இன்று கமினோவின் எல்லாக் கிளைப் பாதைகளிலுமாக வருஷத்துக்கு நாலு லட்சம் பேருக்கு மேல் அப்படிப்பட்ட அம்புகளைப் பார்த்து நடக்கிறார்கள்.

மலை ஏறும் வழியில் ஃபொன்ஸெபதோன் என்று ஒரு சிற்றூர். ஒருகாலத்தில் கிட்டத்தட்ட ஆளே இல்லாமல் இடிந்து கிடந்தது, இப்போது நடக்கிறவர்களால் உயிர்பிழைத்திருக்கிறது. அங்கே ஒரு விடுதியில் இரவுச் சாப்பாடு. பயறு சூப், ரொட்டி, நீள மேசையில் பதினாலு பேர். உங்கள் டாஞ்சியர் சண்டை அப்படியே அங்கேயும் நடந்தது. கொரியாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அந்தப் புத்தகத்தை வேதம் மாதிரி பேசினார். ஓர் ஐரிஷ் பெண், வீட்டு வாடகை கட்ட வேண்டியவளுக்குச் சகுனம் பார்க்க ஏது நேரம் என்றாள். நானும் நடுவில் புகுந்து சத்தம் போட்டேன்.

விடுதிக்கார அம்மாளுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மார்போடு அணைத்துப் பிடித்து ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தார். அவர் பின்னாலிருந்த அலமாரியில் அந்த ஒரே நாவல் பதினோரு பிரதி, ஏழு மொழிகளில். சுமை குறைய வேண்டுமென்று ஆட்கள் விட்டுப்போனவை. இருபது வருஷமாக யாத்திரிகர்களின் அட்டையில் முத்திரை குத்துகிறவர், சந்தியாகோ வரை அவர் ஒருதடவைகூட நடந்ததில்லையாம். சண்டை கொஞ்சம் அடங்கியபோது ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த பெண் மொழிபெயர்த்தாள்: “அந்தப் பையனின் அப்பா என்ன ஆனார் என்று யாராவது சொல்லுங்களேன்.”

யாருக்கும் தெரியவில்லை. கொரிய ஆசிரியர் பக்கங்களைப் புரட்டினார். அந்த அம்மாள் எங்களைப் பார்க்காமலே ரொட்டியை அறுத்துத் தட்டில் அடுக்கினார்.

தம்பி, புத்தகம் கையிலிருந்தால் ஆரம்பத்தை எடுத்துப் படியுங்கள். மகன் பாதிரியாராக வேண்டுமென்று அப்பா நினைத்திருக்கிறார். மகன் ஊர் சுற்ற வேண்டும் என்கிறான். நம்மைப்போன்றவர்களில் ஊர் சுற்றுகிறவன் ஆட்டிடையன் ஒருவன்தான் என்கிறார் அப்பா. மறுநாள் ஒரு பையைக் கொடுக்கிறார். உள்ளே பழங்காலத்து ஸ்பானியப் பொற்காசு மூன்று. அவர் வயலில் கண்டெடுத்தவை. இதில் ஆடு வாங்கிக்கொள் என்கிறார். தனக்கும் உலகத்தைப் பார்க்கும் ஆசை இருந்ததும், தண்ணீருக்கும் சோற்றுக்கும் படுக்க ஓரிடத்துக்கும் மல்லுக்கட்டியதில் அது புதைந்துபோனதும் அவர் கண்ணில் தெரிவதாகப் பையனுக்குப் படுகிறது. அந்த வாக்கியத்தை எழுதிய கைக்கு உண்மை தெரியும். பயமில்லாமலும் ஒருவன் தங்கிப்போவான் என்று தெரியும். தெரிந்தும் கொயலோ அதை ஒரே வரியோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த மூன்று காசுதான் மந்தையானது. அதில் பத்தில் ஒரு பங்கு, புதையலுக்கு வழி சொல்லும் கிழட்டு ராஜாவுக்கு. மிச்ச ஆட்டை விற்ற காசுதான் டாஞ்சியரில் இறங்கிய அன்றே திருட்டுப்போனது. யார் காசு அது? பையன் ஆடு போனதற்கு அழுகிறான், கனவு போனதற்கு அழுகிறான். வயலில் குனிந்து அந்தக் காசைப் பொறுக்கிய கையை அந்த இடத்தில் அவன் நினைப்பதில்லை. பாலைவனம் கடந்து, பிரமிடு பார்த்து, உதைபட்டு, புதையல் தன் சொந்த நாட்டிலேயே ஒரு மரத்தடியில் இருக்கிறது என்று தெரிந்து திரும்புகிறான். சொந்த மண்ணில் புதையல் எடுத்த மனிதர் ஏற்கெனவே ஒருவர் அந்தக் கதையில் இருக்கிறாரே! எங்கும் போகாமல் எடுத்தார். எடுத்ததை முழுசாகத் தூக்கி மகன் கையில் கொடுத்துவிட்டார். கடைசிப் பக்கத்தில், கனவுக்குப் பலன் சொன்ன ஜிப்சிக் கிழவிக்குத் தர வேண்டிய பங்கு ஞாபகம் வருகிறது, பாலைவனத்துக் காதலி ஃபாத்திமா ஞாபகம் வருகிறாள். அப்பாவின் பேச்சே இல்லை.

நீங்கள் எட்டுப் பேர் இருந்த இடத்தில் அவ்வளவு சண்டை நடந்திருக்கிறது. ஒருவருக்கும் அவர் ஞாபகம் வரவில்லை. எப்படி வரும்? அறையில் இருந்த அத்தனை பேரும் கிளம்பியவர்கள். பிரேசில் பெண் தான் கிளம்பியது சரி என்கிறாள், டச்சுக்காரர் தான் கிளம்பியதற்கு இந்தப் புத்தகம் காரணமில்லை என்கிறார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இவ்வளவுதான் என் பதில்.

நானும் அந்த வரிசையில் இருந்தவள்தான். 1989இல் எனக்கு டெல்லியில் வேலை கிடைத்தது. அப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்து ஆறு மாதமாகியிருந்தது. மன்னார்குடி வீட்டில் யாராவது ஒருத்தி இருந்தாக வேண்டும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை, அக்கா இருந்துவிட்டாள். அவளுக்கு இருபத்தாறு வயது, தையல் மெஷின் வைத்திருந்தாள். நான் கிளம்பிய அன்று கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக்கூட எடுக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்தாள். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே நோட்டுகள், பாட்டில் வாய்க்குள் நுழைவதற்காக நாலாய் மடித்தவை. எண்ணூற்று நாற்பது ரூபாய். “ரவிக்கைக் காசுடி, வச்சுக்க” என்றாள். பாட்டிலைப் பிடித்திருந்த விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஜன்னலோர சீட் பிடிக்க ஏறிவிட்டேன்.

முதல் கடிதத்திலேயே அவள் கேட்டிருந்தாள், ரயில் எந்தெந்த ஊர் வழியாகப் போச்சு என்று. சென்னையிலிருந்து டெல்லி போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸ் நிற்கும் ஊர்களைச் சும்மா வரிசையாக எழுதி அனுப்பினேன். நாலைந்து வருஷம் கழித்து லீவில் வந்திருந்தபோது பின்கட்டில் படுத்திருந்தேன். மெஷினை மிதித்துக்கொண்டே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா, நாக்பூர், இட்டார்சி, போபால், ஜான்ஸி, குவாலியர், ஆக்ரா. மிதிக்கு ஓர் ஊர். நான் எழுந்துபோய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புரண்டு படுத்துக்கொண்டேன்.

ஃபொன்ஸெபதோனில் அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. நம் ஊரில் விடியும் நேரம் பார்த்து போன் பண்ணினேன். “சாப்பிட்டியா?” என்றாள். எப்போதும் அதைத்தான் கேட்பாள், எப்போதும் எனக்கு எரிச்சல் வரும். அன்று வரவில்லை. “அக்கா, உனக்கும் என்னை மாதிரி கிளம்பணும்னு இருந்துச்சா?” என்று கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் சொன்னாள்: “இத்தனை வருஷத்தில் நீ கேட்டதே இல்லியே.”

இருபத்தேழு வருஷம், கா. எனக்கு இருபத்தேழு வருஷம் ஆனது. உங்கள் அக்கா நீங்கள் கேட்காமலே வாயைத் திறந்து சொல்லியிருக்கிறாள். “உனக்கென்னடா, நீ கிளம்பிட்டே.” அதை ஒரு வரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் என்னிடம் இலக்கியமா என்று கேட்கிறீர்கள்! ஆத்திரமாக வருகிறது. டச்சுக்காரர் என்ன சொன்னார், ஐசிக் எந்தப் பாலத்துக்குப் போனான் என்பதெல்லாம் கிடக்கட்டும். அவள் என்ன வேலை பார்க்கிறாள்? வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறாள்? நீங்கள் வேலைக்கு லீவு போட்டுப் பையைத் தூக்கியபோது வீட்டுச் செலவு எப்படி நடந்தது? உங்கள் கடிதத்தில் பிரேசில் பெண்ணைப் பற்றித் தெரிந்த அளவுகூட உங்கள் அக்காவைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. அவள் பொறாமையில் சொன்னாள் என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். போனில் வேண்டாம்.

எங்கள் அப்பா, நான் ஃபொன்ஸெபதோனிலிருந்து போன் பண்ணியதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டிருந்தார். 2017 பிப்ரவரியில் அக்காவும் நானும் சென்ட்ரலில் ஜி.டி. ஏறினோம். ஜன்னலோர சீட் அவளுக்கு. எந்த ஊர் வரப்போகிறது என்று ஒருதடவைகூட என்னைக் கேட்கவில்லை, அவள்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். இட்டார்சியில் வண்டி நின்றதும் நான் தடுக்கத் தடுக்க இறங்கிவிட்டாள். பிளாட்பாரத்தில் டீ வாங்கிக்கொண்டு, கப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“இட்டார்சி இன்னும் பெரிசா இருக்கும்னு நினைச்சிருந்தேன்” என்றாள்.

அன்புடன்