ஐந்தில் வளையாதது: குணம், பழக்கம், வளர்ப்பு பற்றிய கேள்வி பதில்

கேள்விகள் அனுப்பலாம் என்று காலையில்தான் எழுதினேன், சேலத்திலிருந்தும் சுற்றுப்பக்கத்திலிருந்தும் மதியத்துக்குள் அறுபதுக்கு மேல் வந்துவிட்டன. கேட்டவர்களின் இடத்தை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன். நான் கல்லூரியில் உளவியல் பாடம் எடுத்தவள். ஏற்காட்டு மலையில் இருக்கும் பள்ளி விடுதிகளுக்கு மாதம் இரண்டு முறை பஸ் ஏறிப் போய்ப் பிள்ளைகளோடு பேசிவந்தவள். எனக்குத் தெரிந்தது மனிதர்கள் வளரும் விதம். மருந்து மாத்திரை பற்றிக் கேட்டவர்கள் மனநல மருத்துவரைப் பாருங்கள். ‘வாழவே பிடிக்கவில்லை’ என்று எழுதிய தம்பி, இதை மேற்கொண்டு படிக்காமல் இப்போதே 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச உதவி எண், தமிழில் பேசுவார்கள். தனிச் செய்தியில் நானும் இருக்கிறேன்.

கேள்வி (குகை): அம்மா, குணம் பிறவியில் வருவதா, வளர்ப்பில் வருவதா?

இரண்டிலும்தான். பிறந்ததும் பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களை அமெரிக்காவின் மினசோட்டாவில் 1979 முதல் தேடிப்பிடித்து ஆராய்ந்தார்கள். ஆட்களுக்கிடையே குணத்தில் தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்கு மரபணு காரணம் என்று இத்தகைய ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக உங்கள் மகனின் கோபத்தில் பாதி தாத்தாவுடையது என்று பிரித்து எடுத்துவிட முடியாது. அது ஒரு கூட்டத்துக்கான கணக்கு, ஓர் ஆளுக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. கூச்சப்படும் குழந்தையை வீட்டார் அவசரப்படுத்தாமல் விட்டால் அது ஓரமாக நின்று பார்த்து, மெல்ல விளையாட்டில் சேர்ந்துகொள்ளும். அதையே விருந்தாளி முன் நிறுத்திப் ‘பாட்டுப் பாடு’ என்று அதட்டினால் ஒளிந்துகொள்ளப் பழகும். பிறவிச் சுபாவம் ஒன்றுதான், வீடு வேறு.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): மூத்தது பொறுப்பாக இருக்கும், கடைக்குட்டி விளையாட்டுத்தனமாக இருக்கும் என்பது உண்மையா?

இல்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் 20,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வந்தது. பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் சொல்லும்படி தொடர்பு இல்லை. மூத்தவனுக்கு எப்போதும் வயது கூட, அதனால் பொறுப்பும் கூடத் தெரிகிறது. கடைக்குட்டிக்கு அந்த வயது வரட்டும், பிறகு ஒப்பிடுங்கள்.

கேள்வி (சூரமங்கலம்): ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என் மகனுக்கு ஒன்பது வயது. எல்லாம் கையை மீறிவிட்டதா?

மீறவில்லை. ஒரே ஆட்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த 152 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2000-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். சில வருட இடைவெளியில் ஒருவருடைய குணம் மற்றவர்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு அப்படியே நிற்கிறது என்பதுதான் கேள்வி. கொஞ்சமும் மாறாவிட்டால் 1. சிறு வயதில் கிடைத்தது 0.31, கல்லூரி வயதில் 0.54, முப்பதில் 0.64. ஐம்பதைத் தாண்டும்போதுதான் 0.74. அப்போதும் 1 இல்லை. அதாவது ஒன்பது வயது என்பது ஈர மண். இருபதிலிருந்து நாற்பதுக்குள்தான் பலருக்கும் பொறுப்பும் மன நிதானமும் கூடுகின்றன. வேலை, கல்யாணம், குழந்தை என்று புதுப் பொறுப்புகள் வந்து சேரும் காலம் அது.

ஒரு வேண்டுகோள். ‘அவன் குணமே அப்படித்தான்’ என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். கேட்கக் கேட்க அப்படியே நடக்கத் தொடங்கும்.

கேள்வி (அம்மாப்பேட்டை): சின்ன வயதில் வறுமையில் வளர்ந்தவர்கள் உறுதியானவர்களாக ஆவார்களா, உடைந்துபோவார்களா? எங்கள் வீட்டிலேயே இரண்டு விதமும் இருக்கிறது.

இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், இது என் வீட்டுக் கதையும்கூட.

1930-களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதாரச் சரிவு. அதில் வளர்ந்த இரண்டு கூட்டம் பிள்ளைகளை கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர் ஒப்பிட்டார். ஓக்லாந்தில் ஒரு கூட்டம், 1920, 21-இல் பிறந்தவர்கள். பெர்க்லியில் இன்னொன்று, 1928, 29-இல் பிறந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரே சரிவு, வயது மட்டும் ஏழெட்டு வருடம் வித்தியாசம். மூத்தவர்கள் அப்போது விடலைகள். பையன்கள் வெளியே சில்லறை வேலைக்குப் போனார்கள், பெண்கள் வீட்டைத் தாங்கினார்கள். ‘நான் வீட்டுக்கு வேண்டியவன்’ என்ற எண்ணம் அவர்களுக்கு வந்தது, பலர் நன்றாகவே தேறினார்கள். சின்னவர்கள் அப்போது கைக்குழந்தைகள், பள்ளிப் பிள்ளைகள். அப்பா வேலை இழந்து எரிந்து விழுவதை உட்கார்ந்து பார்க்கத்தான் முடிந்தது. குறிப்பாகப் பையன்கள் தன்னம்பிக்கை குறைந்து வளர்ந்தார்கள். அவர்களிலும் பலரை ராணுவ வேலையும் அதன் பிறகு கிடைத்த படிப்பும் பின்னாளில் தூக்கி நிறுத்தின.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. நெய்வதற்குப் பாவு நூல் வராத மாதங்களில் அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, நெய்யாத தறியின் முன் சும்மா உட்கார்ந்திருப்பார். என் அக்காவுக்கு அப்போது பதினாலு வயது. பக்கத்து வீடுகளுக்குத் தார் சுற்றிக் கொடுப்பாள், அதாவது நெய்யும் நூலை ராட்டையில் குச்சிகளில் சுற்றித் தருவாள். ராட்டை சுற்றிச் சுற்றி வலது கைப் பெருவிரலில் நூல் அறுத்த கோடு இருக்கும். கூலியை அம்மா கையில் வைக்கும்போது அவள் முகத்தில் ஒரு பெருமிதம். தம்பிக்கு ஐந்து வயது. அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் வாசலுக்குப் போய்விடுவான். இன்றும் அக்கா எந்தக் கஷ்டத்திலும் ‘என்ன செய்யலாம்’ என்றுதான் கேட்பாள். தம்பி முதலில் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பான். அவன் பலவீனமானவன் இல்லை கண்ணு, அவன் கையில் அப்போது ராட்டை இல்லை, அவ்வளவுதான்.

அதனால் ‘என்ன நடந்தது’ என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை வயதில் நடந்தது, எவ்வளவு நாள் நீடித்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி (அழகாபுரம்): ராசியை வைத்துக் குணத்தைச் சொல்லலாமா?

என் துறை இல்லை.

கேள்வி (ஓமலூர்): ஐந்து வயதுக்குள் எல்லாம் முடிவாகிவிடும் என்கிறார்களே?

சூரமங்கலத்துக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி (ஊர் வேண்டாம் என்கிறார்): ஏழு மாதக் குழந்தையைத் தத்தெடுத்தோம். அந்த ஏழு மாதத்தின் பாதிப்பு வாழ்நாள் முழுக்க இருக்குமா?

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்தது போல இருக்கிறது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதே நம் சேலத்தில்தான். தொட்டிலில் விடப்பட்ட குழந்தைகளைத் தத்தெடுத்து, இந்தக் கேள்வியோடு வாழும் வீடுகள் இங்கே உண்டு.

ருமேனியாவில் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை 2000-களின் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களிடம் பாசப் பிணைப்பு நன்றாகவே வேர்விட்டது. பிறகு போனவர்களுக்குக் கடினமாக இருந்தது, ஆனாலும் காப்பகத்திலேயே இருந்தவர்களைவிட மேல். ஏழு மாதம் மிக நல்ல நேரம் அம்மா. குழந்தைக்கு உங்கள் முகம் பழகும் பருவத்தில் உங்கள் முகம் அங்கே இருந்தது. நிம்மதியாக இருங்கள். தத்தெடுத்த விஷயத்தை மட்டும் மறைக்காதீர்கள், சின்ன வயதிலேயே கதை போலச் சொல்லத் தொடங்குங்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி): ஏழு வயதுப் பையனை ஏற்காட்டில் விடுதியில் சேர்க்கலாமா?

இந்தக் கேள்வியைப் பதிவில் போட்டதுமே படித்தவர்களுக்குள் சண்டை தொடங்கிவிட்டது. ஒருவர், ‘நான் ஆறு வயதில் சேர்ந்தேன், இன்று சொந்தத் தொழில், அங்கே கிடைத்த நண்பர்கள்தான் என் உறவு’ என்றார். இன்னொரு பெண், ‘ஞாயிறு சாயங்காலம் அப்பாவின் பஸ் வளைவில் மறைவதை இப்போதும் கனவில் பார்க்கிறேன். நாற்பத்திரண்டு வயதாகிறது’ என்றார். மூன்றாமவர் வந்து, ‘பெற்றோரால் ஒன்றும் ஆவதில்லை, சகவயதுப் பிள்ளைகள்தான் ஆளை உருவாக்குகிறார்கள், இதை ஒரு அமெரிக்க ஆய்வாளரே நிறுவிவிட்டார்’ என்றார். பிறகு நாற்பது பதில்கள், பாதி கோபத்தில்.

மூன்றாமவருக்கு முதலில். நீங்கள் சொல்வது ஜூடித் ரிச் ஹாரிஸ், 1998-இல் புத்தகமாகவே எழுதினார். நிறுவினார் என்பது அதிகம், வலுவாக வாதாடினார். அதில் உண்மை உண்டு. வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசும் நம் பிள்ளைகள் தெருவில் இறங்கினால் சேலத்துத் தமிழ்தான் பேசுகிறார்கள். பேச்சு, உடை, துணிச்சல் எல்லாம் கூட்டாளிகளிடமிருந்து வருகின்றன. ஆனால் பயந்தால் யாரிடம் ஓடுவது என்பதை ஒரு குழந்தை பெரியவரிடம்தான் கற்றுக்கொள்கிறது. ருமேனியாவின் காப்பகங்களில் சகவயதுப் பிள்ளைகளுக்கா குறைச்சல்?

மற்ற இருவரும் சொல்வது உண்மைதான். ஒருவரை வைத்து இன்னொருவரைப் பொய்யாக்காதீர்கள். நான் போய்வந்த ஒரு விடுதியில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அம்மா கொண்டுவந்த முறுக்கு தீர்ந்த பிறகும் அந்தக் கவரை நாலாக மடித்துத் தலையணை உறைக்குள் வைத்திருந்தான், இரவில் எடுத்து முகர்ந்து பார்ப்பான். அங்கே சமையலில் இருந்த ஒரு அக்கா இதைப் பார்த்துவிட்டார். தினமும் படுக்கும் நேரத்தில் வந்து அவன் ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுவிட்டு, அன்று என்ன நடந்தது என்று கேட்பார். ஐந்து நிமிடம், அவ்வளவுதான். நாலு வருடம் கழித்து, புதிதாக வந்து அழும் குட்டிகளின் கட்டில் பக்கம் அவன் போய் உட்காருவதைப் பார்த்தேன். அதே விடுதியில், அதே வருடம் சேர்ந்த இன்னொரு பிள்ளைக்கு அப்படி யாரும் அமையவில்லை. அந்தப் பிள்ளை எதையும் யாரிடமும் கேட்காமல் இருக்கப் பழகியது. அதை எல்லோரும் ‘சமர்த்து’ என்றார்கள்.

சமர்த்து என்பதும் முத்திரைதான். தயவுசெய்து குத்தாதீர்கள்.

கேள்வி (இரும்பாலை): ஓய்வு பெற்ற பிறகு அப்பா ஆளே மாறிவிட்டார். 67 வயது.

ஓய்வுக்குப் பின் அன்றாட வேலையும் நண்பர்களும் ஒரேயடியாகப் போவதால் பலர் முதல் ஒன்றிரண்டு வருடம் சுருங்கிப்போவார்கள், மெல்லத் தேறுவார்கள். ஆனால் சாதுவாக இருந்தவர் கூச்சம் விட்டுப் பேசுவது, பணத்தை வாரி இறைப்பது, அன்பே இல்லாதது போல நடப்பது என்று மாறினால் அதை ‘வயசாகிவிட்டது’ என்று விடாதீர்கள். மூளை நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வாரமே.

கேள்வி (ஆத்தூர்): நாற்பது வயதுக் கணவரின் குணத்தை மாற்ற முடியுமா?

அவர் மாற நினைத்தால் முடியும். சிகிச்சைக்கு வந்தவர்களைக் கவனித்த 207 ஆய்வுகளைச் சேர்த்து 2017-இல் பார்த்தார்கள். சில மாதங்களிலேயே பதற்றமும் எரிச்சலும் குறைந்தன, அது நிலைக்கவும் செய்தது. அவர் அடிக்கிறார் என்றால் அது குணம் பற்றிய கேள்வி இல்லை, பெண்களுக்கான உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி (தாரமங்கலம்): ஐந்தில் வளையாதது…

போதும். மூன்றாவது முறை கேட்கிறீர்கள், பதில் மேலேயே இருக்கிறது.

கேள்வி (மறுபடி அஸ்தம்பட்டி): இவ்வளவும் படித்தேன் அம்மா. என் மகனைச் சேர்க்கட்டுமா, வேண்டாமா?

வீட்டிலிருந்து போய்வரும் பள்ளி கிடைத்தால் இன்னும் மூன்று நாலு வருடம் கீழேயே இருக்கட்டும், என் மனதுக்கு அதுதான் சரி. முடியாத நிலை என்றால் பணம் கட்டும் முன் அவனையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் மேலே போங்கள். வகுப்பறையைக் காட்டுவார்கள், அது போதும் என்று திரும்பிவிடாதீர்கள். இரவு விளக்கணைக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளைகளோடு இருப்பது யார், அவர் அங்கே எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். அவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.