மறு: சைக்ளோடெக்ஸ்ட்ரினில் குர்குமின் ஒளிர்ந்து மங்குவது ஏன்?

தம்பி, நிலாவெளிக் கிணத்துத் தண்ணியில குர்குமினும் (மஞ்சளின்ர நிறப்பொருள்) பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரினும் கலந்து புற ஊதா டோர்ச் அடிச்சதும் நல்லா ஒளிர்ந்தது, அரை மணித்தியாலத்தில மங்கிட்டுது, ஏன் எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

வெறும் தண்ணியில, ஒளியை உறிஞ்சின குர்குமின் ஆடி அசைஞ்சும் சுத்தியுள்ள நீர் மூலக்கூறுகளோட பிணைஞ்சும் சக்தியை வெப்பமா இழந்திடும். பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் ஏழு குளுக்கோசு அலகுகளால ஆன வளையம். அதின்ர உட்குழி 1 நானோமீட்டரை விடச் சின்னது, நீரை அவ்வளவா விரும்பாதது. அதுக்குள்ள சிக்கின குர்குமினுக்கு ஆட இடமில்லை. அதனாலதான் கூடுதல் சக்தி ஒளியா வெளிய வருது.

மங்கினது வேற கதை. பிஎச் (அமில-கார அளவு) 7.2 இல, 37 பாகை செல்சியசில, குர்குமினில கிட்டத்தட்ட 90 வீதம் அரை மணித்தியாலத்துக்குள்ள சிதைஞ்சிடும். குழி ஓரளவுதான் காக்கும். காரத் தண்ணியில குர்குமின் கெதியாச் சிதையும், அதால கிணத்துத் தண்ணி காரமா எண்டு லிட்மஸ் போட்டுப் பாருங்கோ. காய்ச்சி வடிச்ச தண்ணியில ஒரு சொட்டு வினாகிரி விட்டுச் செய்தா கூடுதல் நேரம் நிண்டு ஒளிரும்.

ஒண்டு கவனிக்க வேணும்: குர்குமினை ஸ்பிரிட்டில கரைச்சுத்தானே ஊத்தினீங்கள்? ஸ்பிரிட்டில இருக்கிற அற்ககோலும் ஒளிர்வைக் கூட்டும். அதே அளவு தண்ணியும் ஸ்பிரிட்டும் குர்குமினும், சைக்ளோடெக்ஸ்ட்ரின் இல்லாமல், இன்னொரு குழாயில வையுங்கோ. இல்லாட்டி உங்கட விஞ்ஞானக் கண்காட்சியில நடுவரின்ர முதல் கேள்வியிலயே மாட்டுவீங்கள்.