கேள்வி பதில்: ரத்தத்துக்கு மாற்று, எலியிலிருந்து நாய்வரை

தாம்பரம், ஆராய்ச்சி மாணவி: 300 கிராம் எலியில் எவ்வளவு எடுத்தால் கடுமையான ரத்த இழப்பு?

பதில்: எலிக்குக் கிலோவுக்குச் சுமார் 64 மி.லி. ரத்தம். உங்கள் எலிக்கு 19 மி.லி.; அதில் 40 சதவீதம் எடுத்தால் 7.7 மி.லி. எடுக்கும் வேகத்தையும் குறித்துவையுங்கள். மெதுவாக எடுத்தால் திசுநீர் உள்ளே வந்து இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடும். சராசரி ரத்த அழுத்தத்தை 40 மி.மீ. பாதரசத்தில் நிறுத்தும் முறை என்றால் ஒவ்வொரு எலியும் வெவ்வேறு அளவு இழக்கும். குழாய் அடைக்காமலிருக்க ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போட்டால், உறைதலைப் பற்றி அந்தச் சோதனையை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். மயக்கத்தில் எலி சீக்கிரம் குளிர்ந்துவிடும். சூடேற்றும் மேடை கட்டாயம். நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வராமல் எதையும் தொடங்க வேண்டாம்.

போரூர்: ரத்தம் இழந்த எலிக்கு, ரத்தத்துக்கு மாற்றாக ஹீமோகுளோபின் கரைசல் ஏற்றியதும் ரத்த அழுத்தம் 40லிருந்து 80 ஆனது. வெற்றிதானே சார்?

பதில்: இல்லை. செல்லுக்கு வெளியே திரியும் ஹீமோகுளோபின், ரத்தக்குழாய்ச் சுவரின் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். குழாய் சுருங்கும், அழுத்தம் ஏறும். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் இறங்கியதா என்று பாருங்கள்.

கிண்டி: அழுத்தம் ஏறாமல் மூளைக்கு ரத்தம் எப்படிப் போகும்? அதை ஒரேயடியாக ஒதுக்குகிறீர்களே.

பதில்: ஒதுக்கவில்லை. இதயம் தள்ளும் அளவையும் குழாயின் தடையையும் பெருக்கினால் வருவதே அழுத்தம். தள்ளுவது பாதியாகி, தடை நான்கு மடங்கானாலும் அழுத்தம் இரட்டிப்பாகத்தான் காட்டும்; குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஓட்டம் குறைந்திருக்கும். அடைபடாத காயமாக இருந்தால், ஏறும் அழுத்தமே உறைந்த கட்டியைத் தள்ளிவிட்டு மறுபடி ரத்தத்தைக் கொட்டவைக்கும். அளவிடுங்கள், அதை மட்டும் வைத்து முடிவு எழுதாதீர்கள்.

ஆவடி: நாயில் இவ்வளவு ரத்தம் எடுத்தும் ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) இறங்கவில்லையே?

பதில்: மண்ணீரல் சுருங்கிச் சேமித்த செல்களை வெளியே தள்ளுகிறது.

பல்லாவரம்: கரைசல் ஏற்றியபின் ஹெமட்டோகிரிட் சரிந்துவிட்டது, மருந்து தோல்வியா?

பதில்: மீண்டும் ஹெமட்டோகிரிட்! அது செல்லை மட்டும் கணக்கிடும். கரைசலில் செல் ஏது? மொத்த ஹீமோகுளோபினை அளவிடுங்கள். பிளாஸ்மா சிவந்திருப்பதால் நிறத்தை வைத்துக் கணக்கிடும் பரிசோதனைகளும் தவறலாம்.

மடிப்பாக்கம்: எங்கள் லாப்ரடாருக்கு அடிபட்டு ரத்தம் நிற்கவில்லை. ஆக்ஸிகுளோபின் என்ற ஹீமோகுளோபின் கரைசல் கிடைக்குமா?

பதில்: அது 1998இல் அமெரிக்காவில் நாய்களின் ரத்தசோகைக்கு அனுமதிக்கப்பட்டது. அதைத் தேடி நேரம் போக்காதீர்கள் அம்மா. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கோ இப்போதே கிளம்புங்கள்.

அண்ணாநகர்: ஒப்பீட்டுக்கு ரிங்கர் லாக்டேட் (உப்புக் கரைசல்) ஏற்றிய விலங்குகளின் குழு மட்டும் போதுமா?

பதில்: போதாது. எடுத்த ரத்தத்தையே அதே அளவில், அதே வேகத்தில் திருப்பி ஏற்றும் குழுவும் வேண்டும். அழுத்தம் பற்றி நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்; போரூருக்குச் சொன்னதே.